இரண்டாவது கண்

எட்டு மணி பஸ்ஸில் வயலட் மதினி வந்து இறங்கிவிடுவாள். அதற்குள் அந்தக் குருவி கண்ணில் பட வேண்டும், படாமல் போனாலும் ஒருவகையில் நல்லதுதான், இல்லையில்லை, பட வேண்டும். ஆறரை மணியிலிருந்து இதையே மென்றுகொண்டிருக்கிறேன். கடல் எனக்குப் பின்னால், உப்பளம் எனக்கு முன்னால், நடுவில் இந்த வரப்பு, வரப்பில் மடக்கு ஸ்டூல், ஸ்டூலில் அறுபத்தொரு வயதுத் தவமணி. டெலஸ்கோப்பில் வலது கண்ணை வைத்து இடது கண்ணை மூடி மூடி இடது கன்னமே மரத்துப்போய்விட்டது. ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கம் குளிர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் விடிகாலையில் கடல் காற்று காதுக்குள் புகுந்தால் தெரியும், அதற்குத்தான் தலையில் இந்தத் துண்டு. மழைத் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிற பாத்தி முழுக்கக் கொசு உள்ளான். பெயருக்கேற்ற அளவுதான், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, ஊசி மாதிரி கறுப்பு மூக்கு. குளிர்காலத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதே உருவம், இதே நிறம், மூக்கின் நுனி மட்டும் சின்னக் கரண்டி மாதிரி தட்டையாக இருந்தால் அது கரண்டிமூக்கு உள்ளான். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்கிறார்கள். எங்கோ பனிக்காட்டிலிருந்து புறப்பட்டு வருகிற அந்தக் கொஞ்சத்தில் ஒன்று வழி தவறியாவது இந்த உப்பளத்தில் இறங்காதா என்றுதான் இருபத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனையைக்கூட விட்டுவிட்டு இங்கே வந்து உட்காருகிறேன். நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எல்லோருக்கும் செய்தி போட்டிருக்கிறேன்.

நேற்று மணி ஐந்து இருக்கும். கிளம்புவோம் என்று ஸ்டூலை மடக்கினவள் சும்மா ஒரு தடவை குனிந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் தனியாக ஒன்று, மூக்கின் நுனியில் அகலம். இரண்டு நிமிஷம்கூட இருக்காது, கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து போய்விட்டது. அங்கேயே நின்று எங்கள் ஆறு பேர் பறவைக் குழுவுக்குச் செய்தி போட்டேன், கரண்டிமூக்கு, ஒன்று, தெற்குப் பாத்தி. போட்ட பிறகுதான் இரவு படுக்கையில் மெதுவாக உறைத்தது, நான் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன், சூரியன் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வெயிலில் பார்த்த பறவையைப் பார்த்ததாகவே சொல்லாதே என்று புதிதாக வருகிறவர்களையெல்லாம் வாய் வலிக்கத் திட்டுகிறவள் நான். எதிர் வெயிலில் எல்லாமே கறுப்பு வடிவம்தான். மூக்கில் துளி சேறு ஒட்டியிருந்தாலும் அதுவும் கறுப்பு, அதுவும் அகலம். சேறா, கரண்டியா. படுக்கையில் புரண்டு புரண்டு இதுதான். அதற்குள் சந்தனராஜ் சார் மதுரையிலிருந்து வாழ்த்துச் சொல்லிவிட்டார், கூடவே அவர் போட்ட சட்டத்தையும் ஞாபகப்படுத்தினார். அபூர்வப் பறவைக்கு ஒருவர் கண் போதாது, இரண்டாவது ஆள் பார்த்து ஆமாம் என்று சொன்னால்தான் குழுவின் நோட்டில் ஏறும். காலேஜில் விலங்கியல் நடத்தினவர் இல்லையா, நோட்டில் அதற்கென்றே கட்டம் போட்டு 'இரண்டாவது கண்' என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறார். யார் போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்கு முழங்கால், ஒருவர் பதிலே போடவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, ஒன்பது வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படம் தவிர அந்தக் குழுவில் ஒரு எழுத்து போடாத வயலட் மதினி எழுதினாள், நான் போய்ப் பாக்கேன் என்று. அவ்வளவுதான். அதைப் படித்தபிறகு எனக்குத் தூக்கம் ஏது.

"என்ன மேடம், எண்ணி முடிச்சாச்சா?" சண்முகக்கனி, பாத்தி மிதிக்க வந்த பெண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை பழைய சாக்ஸ், பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். பொங்கல் முடிந்தால் இவர்களுக்குச் சேறு மிதிக்கிற வேலை தொடங்கிவிடும், மிதித்து இறுக்கினால்தான் பாத்தியில் உப்பு வெள்ளையாக விழும். "இன்னும் இல்ல கனி. அந்தக் கடைசிப் பாத்திக்கு இப்பப் போகாதீங்க, ஒரு மணி நேரம் பொறுங்க" என்றேன். "உங்க குருவிக்கு நாங்க லீவு போடணுமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நல்லவள். மதினிகூட இங்கே வந்துகொண்டிருந்த காலத்தில் இவர்களோடு நன்றாகப் பேசுவாள், காலில் வெடிப்புக்கு என்ன தடவ வேண்டும் என்று சொல்வாள். ஆஸ்பத்திரியில் நர்சாக முப்பது வருஷம் இருந்தவள். எங்கள் ஐசக் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்கு அவளோடு ஒட்டுதல்தான், ஜவுளிக்கடைக்குப் போனாலும் ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான். சர்க்கரை கூடிவிட்டது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள், சும்மா தெருவில் நடப்பதற்கு என்னோடு உப்பளத்துக்கு வாங்க என்று கூட்டி வந்தவள் நான். முதல் வருஷம் எல்லாம் அவளுக்குக் கொக்குதான், சின்னக் கொக்கு, பெரிய கொக்கு. எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் பொறுமை உண்டு அவளிடம். நான் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்தவள், ஒரு லைனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த லைனுக்குத் தாவுகிற புத்தி, பத்து நிமிஷம் பார்த்தால் அடுத்த பாத்தி அடுத்த பாத்தி என்று ஓடுவேன். அவள் ஒரே பறவையை அரை மணி நேரம் பார்ப்பாள், காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி, எப்போது சாப்பிடுகிறது, எந்தக் காலில் நிற்கிறது என்று. நாலாவது வருஷம் அவள்தான் பார்த்தாள்.

அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையில் கிளம்பினேன், ஆனால் நினைக்கத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் ஜனவரி, பதினெட்டாம் தேதி, ஏழே கால் மணி, சூரியன் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். சந்தனராஜ் சாரும் மற்ற மூன்று பேரும் கொஞ்சம் தள்ளிப் பூநாரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மதினி ஸ்கோப்பில் குனிந்தவள் நிமிராமலே மெதுவாக, "தவமணி, இதோட மூக்கப் பாரேன்" என்றாள். சத்தம் போடவில்லை, குதிக்கவில்லை. அதற்குமுன் நோட்டில் எழுதிவிட்டாள்போல, கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று என்று, பென்சிலில், பக்கத்தில் கேள்விக்குறிகூட இல்லாமல். நான் குனிந்தேன். பார்த்தேன். கொசு உள்ளான் மூக்கால் குத்திக் குத்திப் பொறுக்கும், தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும். இது பக்கவாட்டில் தலையை ஆட்டியது. தண்ணீரில் மூக்கை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், துழாவிக்கொண்டே நடந்தது. பக்கவாட்டில். சேறு ஒட்டிய மூக்கை வைத்துக்கொண்டு எந்தக் கொசு உள்ளானும் பக்கவாட்டில் துழாவாது. நிமிர்ந்தபோது மற்றவர்கள் வந்துவிட்டார்கள், என்ன என்ன என்றார்கள், சார் என் முகத்தைப் பார்த்தார், இரண்டாவது கண் நான்தான். எனக்குள் என்ன ஓடியது என்று இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்ல முடியும். பதினாறு வருஷம், மழையிலும் வெயிலிலும் பதினாறு வருஷம் நான் தேடினேன், கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாமல் சர்க்கரைக்காக நடக்க வந்தவளுக்கு நாலே வருஷத்தில் கிடைத்துவிட்டதா என்று ஓடியது. வயிறு எரிந்தது, வேறு வார்த்தை இல்லை அதற்கு. "மதினி, அது சேறு. கொசு உள்ளான் மூக்குல சேத்த அப்பிக்கிட்டு நிக்குது, அதப் போயி கரண்டிங்கீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் அது பறந்துவிட்டது. மதினியும் சிரித்தாள். லென்ஸ் மூடியை எடுத்து ஸ்கோப்பில் பொருத்தினாள், அதற்கென்று ஒரு சத்தம் உண்டு, டக்கென்று. அதற்கு அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றாள், அதற்கடுத்த ஞாயிறு விருந்தாள் என்றாள், பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு மாதம் ரெண்டு தடவை போகிறேன், மீன் குழம்பு ஊற்றித் தருகிறாள், என் பிரஷரைப் பார்க்கிறாள், உலகத்து விஷயமெல்லாம் பேசுகிறோம், பறவை மட்டும் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே செம்பருந்து போனால் ரெண்டு பேருமே பார்க்காத மாதிரி இருப்போம். போன கிறிஸ்துமஸுக்கு என் பாவாடை நாடா அறுந்துபோய் ஊசி கேட்டேன், பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள், பைனாகுலர் உறை. உள்ளே நூல்கண்டும் பட்டனும். நாடாவைத் தைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அதைச் சொன்னால் என்ன. சார் மதுரைக்கு மகள் வீட்டோடு போனபிறகு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் புரட்டுவதில்லை, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். மதினியின் கையெழுத்தில் ஒரு வரி, யாரும் அடிக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை, இரண்டாவது கண் கட்டம் காலி. ஒரு வரி எழுதினால் போதும். ஒன்பது வருஷமாக எழுதவில்லை. எழுதினால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதுதான் கஷ்டமே. இன்றைக்கு அவள் எனக்கு இரண்டாவது கண்ணாக வருகிறாள். கரண்டி இருந்தால் அவள் குனிந்து பார்ப்பாள், அது பக்கவாட்டில் துழாவும், அந்த அசைவு அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். கரண்டி இல்லாவிட்டால் சேறா தவமணி என்று கேட்பாள். கேட்கமாட்டாள், அவள் கேட்கிற ஆள் இல்லை, அதுதான் பயம்.

ஏழரை. பூனைப்பருந்து ஒன்று வரப்பை ஒட்டித் தாழ வந்தது, அவ்வளவுதான், பாத்தி முழுக்க எழுந்துவிட்டது. நூறு, நூற்றைம்பது, எல்லாம் ஒரே துணியை உதறின மாதிரி வெள்ளையாகத் திரும்பிக் கறுப்பாகத் திரும்பி, ஒரு சுற்று கடல் மேல் போய், என் தலைக்கு மேலேயே இரைந்துகொண்டு திரும்பி வந்து இறங்கின, கிட்ட, முன்பைவிடக் கிட்ட. முப்பது அடி இருந்தால் அதிகம். வெயில் என் முதுகில். நான் இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன், ஒவ்வொன்றாக, மதினி பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல். ஊசி மூக்கு, ஊசி மூக்கு, தூங்குகிறது, ஊசி மூக்கு. நாற்பதோ நாற்பத்திரண்டோ தாண்டியிருக்கும், அகலமான நுனி. ஆண்டவரே. ஸ்கோப் ஆடாமல் இருக்கக் கையை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்தேன். இந்த வெளிச்சத்தில் கறுப்பு இல்லை அது. சாம்பல். காய்ந்த ஓரம், ஈரமான நடு. அது நடந்தது, குத்தியது, குத்தியது, மேலும் கீழும், மேலும் கீழும். பக்கவாட்டில் ஆட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன், ஒரே ஒரு தடவை ஆட்டிவிடு. அது ஆழத்தண்ணீருக்குப் போய் வயிறு வரை நனைய நின்று, தலையை முக்கி உதறியது. முக்கி உதறியது. மூன்றாவது தடவை தலையைத் தூக்கியபோது நுனியில் ஒன்றும் இல்லை. ஊசி. மெல்லிய, கறுப்பான, உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிற ஊசி மூக்கு. பாத்தியில் சேறு இறுகிக்கொண்டிருக்கிற இந்த மாதத்தில் எத்தனை கொசு உள்ளான் மூக்கில் இப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாததா என்ன.

அழுகை வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. பசித்தது. பிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றிக் குடித்தேன். பிறகுதான் மெல்ல அந்த நினைப்பு வந்தது, யாரும் பார்க்கவில்லையே. மதினி வருவாள், பூனைப்பருந்து வந்துச்சு மதினி, எல்லாம் பறந்து போயிட்டு என்றால் முடிந்தது. போன பறவையை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. கட்டம் காலியாக இருக்கும், ஆனால் வரி இருக்கும், தவமணி பார்த்தாள் என்று நாலு பேர் பேசுவார்கள். மதினியின் வரி இருக்கிற மாதிரியே. இல்லை, அவள் வரி மாதிரி இல்லை. அவளுடையது நிஜம், அதற்கு ஆள் இல்லை. என்னுடையது சேறு, அதற்கு வாழ்த்து வந்திருக்கிறது. சண்முகக்கனி தூரத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அவர்கள் கால்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின, ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு மதினி வருவது தெரிந்தது. சரிவில் கொஞ்சம் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப நடந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சரிவில் நிற்காமல் ஏறுவாள்.

"ஏட்டி, இவ்வளவு தூரமா இது முன்ன?" என்றாள் வந்ததும். வெறும் கை.

"பைனாகுலர் கொண்டு வரலையா மதினி?"

"அதோட உறையிலதான் நூல்கண்டு கெடக்கே. ஒன் ஸ்கோப்பு இருக்குல்லா." ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன், உட்கார்ந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "எங்க நிக்குது ஒன் கரண்டி?"

பூனைப்பருந்து என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாத்தியைப் பார்த்தேன், அவளைப் பார்க்காமல் சொன்னேன். "அது சேறு மதினி. இப்பதான் கழுவிட்டுப் போகுது. நான் பாத்தது வெறும் சேறு."

அவளும் பாத்தியைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"ஆனா அன்னைக்கு நீங்க பாத்தது சேறு இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். "அது பக்கவாட்டுல துழாவுச்சு. நான் பாத்தேன் மதினி. பாத்துட்டுதான் அப்படிச் சொன்னேன். எனக்குப் பொறுக்கல."

மதினி குடையின் நுனியால் வரப்பு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ குனிஞ்சு பாத்தப்ப ஒன் மூச்சு நின்னுட்டு. நான் ஒன் தோளு பக்கத்துலதான நின்னேன். முப்பது வருஷம் வார்டுல நின்னவளுக்கு மூச்சு நிக்கது தெரியாதா? கொசு உள்ளானுக்கு எவளாவது மூச்சப் பிடிப்பாளா தவமணி?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒளித்துவைத்ததாக நான் நினைத்ததை அவள் அன்றைக்கே கையில் வைத்திருந்தாள். மீன் குழம்பு ஊற்றியபோதும், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியபோதும். "அப்பவே கேட்டிருக்கலாம்லா மதினி, நாலு வார்த்தை வஞ்சிருக்கலாம்லா" என்றேன்.

"கேட்டு? ரெண்டாவது கண்ணு நீதான. நீயா சொல்லணும்." குடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "குருவி போச்சுன்னு எனக்கு வருத்தமில்லட்டி. நீயும் சேந்து சிரிச்ச பாரு, அதுதான் ரொம்ப நாளு வலிச்சுது." பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தாள். "தள்ளு. வந்ததுக்குப் பாத்துட்டாவது போறேன்."

குனிந்து கண்ணை வைத்தாள். வலது பக்கத் திருகைத் தேடினாள், விரல் மறக்கவில்லை. நான் பக்கத்திலேயே, தோளோடு தோளாக நின்றேன், அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு. சீராக வந்தது, சீராகப் போனது. கனியும் மற்றவர்களும் கடைசிப் பாத்திக்கு வரலாமா என்று தூரத்திலிருந்து கையைக் காட்டினார்கள், இன்னும் கொஞ்ச நேரம் என்று நானும் கையைக் காட்டினேன்.

"கொசு உள்ளான், நூத்தி முப்பத்தொண்ணு. எழுது" என்றாள் மதினி, கண்ணை எடுக்காமல்.

நோட்டை எடுத்து, நூலில் தொங்குகிற பென்சிலால் எழுதினேன். வரப்பில் பென்சில்தான், வீட்டுக்குப் போய் எல்லாம் உறுதியானபிறகுதான் பேனா, அதுவும் சார் போட்ட சட்டம். நேற்றைய என் வரியை அடித்தேன். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினேன், ஒரு வருஷம், மூன்று வருஷம், ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்து, ஒன்பது வருஷம். காலிக் கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.

"பென்சில்ல எழுதாதட்டி" என்றாள் மதினி, ஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "பேனாவுல எழுது."